சொல்லாமல் விட்ட ஒரு வரி

மாதவரத்தில் சரக்கு லாரிகள் வந்து நிற்கும் இடத்தை ஒட்டித் தேநீர்க்கடை ஒன்று உண்டு. துறைமுகத்துக்குச் செல்லும் வண்டிகளும், அங்கிருந்து பெட்டகங்களை ஏற்றிக்கொண்டு திரும்பும் வண்டிகளும் இரவு பகலாக அவ்வழியே போய்க்கொண்டிருக்கும். விடியற்காலையில் அந்தக் கடையருகே சற்று நின்று பார்த்தால் ஒரு சிறு உண்மை புலப்படும். ஓட்டுநர் ஒருவர் வந்து, "அண்ணே, ஒரு டீ" என்பார். அவ்வளவுதான். பால் வேண்டுமா, சர்க்கரை வேண்டுமா, எத்தனை கரண்டி என்றெல்லாம் கடைக்காரர் கேட்பதில்லை. பாலும் சர்க்கரையும் சேர்ந்த தேநீர் கண்ணாடிக் குவளையில் வந்துவிடும். சர்க்கரை வேண்டாதவர் மட்டுமே வாய் திறந்து, "சர்க்கரை போடாதீங்க" என்று சொல்ல வேண்டும்.

இவ்வாறு, ஒருவர் ஒன்றும் சொல்லாதபோது எது தானாக நிகழுமோ, அதற்குக் கணிப்பொறித் துறையில் டிஃபால்ட் என்று பெயர். தமிழில் அதனை 'முன்னிருப்பு' என்கிறோம். கடைக்கு வருவோரில் பெரும்பாலோர் சர்க்கரையை விரும்புகிறவர்கள். ஆகவே கடைக்காரர் செய்வது முறையே. வேலையும் விரைவாக நடக்கிறது. ஆனால் நீரிழிவு நோயுள்ள ஒருவர் சொல்ல மறந்துவிட்டால், அந்தச் சர்க்கரை அவர் உடம்பில்தான் சேரும். கடைக்காரர் உடம்பில் அன்று. முன்னிருப்பை அமைப்பவர் ஒருவர். அதன் பயனையும் கேட்டையும் அனுபவிப்பவர் வேறொருவர். மாணவ நண்பர்களே, இன்று நான் சொல்லப் புகுவது இதைப் பற்றியே. மெய்நிகர் எந்திரங்களை நிர்வகிக்கும் மென்பொருளுக்குப் பொதுவான முன்னிருப்புகளை எப்படி வகுப்பது என்பதை, நானே செய்த ஒரு பிழையின் வாயிலாக விளக்க விரும்புகிறேன்.

மெய்நிகர் எந்திரம் என்பது யாது? பழைய வடசென்னைத் தெருக்களில் ஒண்டுக்குடித்தன வீடுகளை நீங்கள் பார்த்திருக்கலாம். வெளியே நின்று பார்த்தால் ஒரே வீடு. உள்ளே போனால் ஐந்தாறு குடும்பங்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி அடுப்பு, தனிப் பூட்டு, தனி வரவு செலவு. மெய்நிகர் எந்திரமும் ஏறக்குறைய அத்தகையதே. மேசைமேல் இருப்பது ஒரே கணிப்பொறி. அதனுள் இயங்கும் ஒரு மென்பொருள், அக்கணிப்பொறியின் நினைவகத்தையும் செயலியையும் வட்டையும் கூறுபோட்டு, பல கணிப்பொறிகள் இருப்பது போன்ற தோற்றத்தை உண்டாக்குகிறது. ஒவ்வொரு கூறிலும் ஓர் இயங்குதளம் குடியேறுகிறது. ஒண்டுக்குடித்தனத்தில் அடுத்த வீட்டுச் சண்டை நமக்குக் கேட்கும். இங்கோ அதுவும் கேளாது. தனக்கென்று ஒரு முழுக் கணிப்பொறி இருப்பதாகவே எண்ணி ஒவ்வோர் இயங்குதளமும் வேலை செய்கிறது.

இவ்வெண்ணம் புதிதன்று. 1960-களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜ் நகரில் ஐ.பி.எம். நிறுவனத்தின் ஆய்வு மையத்தார் சி.பி.-40 என்னும் அமைப்பை உருவாக்கினர். விலையுயர்ந்த பெரிய எந்திரம் ஒன்றைப் பலர் ஒரே நேரத்தில், ஒருவருக்கொருவர் இடையூறின்றிப் பயன்படுத்த வேண்டும் என்பதே அவர்கள் நோக்கம். அவ்வழியில் வளர்ந்த வி.எம்./370 என்னும் அமைப்பு 1972-இல் அறிவிக்கப்பட்டது. நாளடைவில் இந்த ஆற்றல் மேசைக் கணிப்பொறிக்கும் வந்து சேர்ந்தது. ஃபாப்ரிஸ் பெலார் என்ற பிரெஞ்சு அறிஞர் 2003-இல் வெளியிட்ட கியூஎமு என்னும் மென்பொருள், ஒரு கணிப்பொறியின் உறுப்புகளையெல்லாம் நிரலாலேயே நடித்துக் காட்டுகிறது. செயலியின் வேகத்தை ஏறக்குறைய முழுமையாகவே மெய்நிகர் எந்திரத்துக்கு அளிக்கும் கே.வி.எம். என்னும் பகுதி 2007-இல் லினக்ஸின் கருவில் சேர்க்கப்பட்டது. இவற்றையெல்லாம் ஒழுங்காக ஆண்டு நடத்த லிப்வெர்ட் என்ற நிர்வாக மென்பொருள் இருக்கிறது. அதன்மேல், சுட்டியைக் கொண்டு எளிதாகக் கையாளும்படி வெர்ட் மேனேஜர் இருக்கிறது. இவை யாவும் எவரும் விலையின்றிப் பெற்றுக் கற்கத் தக்க கட்டற்ற மென்பொருள்கள்.

ஒரு மெய்நிகர் எந்திரத்தை அமைக்க வேண்டுமானால் எத்தனை கேள்விகளுக்கு விடை வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். நினைவகம் எவ்வளவு? செயலிகள் எத்தனை? வட்டு எவ்வகை? வலையட்டை எந்த மாதிரி? அதன் முகவரி என்ன? கடிகாரம் எந்த நேரத்தைக் காட்ட வேண்டும்? இத்தனையையும் ஒவ்வொரு முறையும் கேட்டால் புதிதாகக் கற்பவன் முதல் நாளே எழுந்து போய்விடுவான். ஆகவே மென்பொருள் பெரும்பாலானவற்றுக்குத் தானே விடை எழுதிக்கொள்கிறது. அவ்விடைகளே முன்னிருப்புகள்.

இனி என் கதைக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் வடசென்னையில் ஒரு கல்லூரியின் கணிப்பொறி ஆய்வுக்கூடத்தை அமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. மாதவரத்திலிருந்தும் எண்ணூரிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் மாணவர் வந்து படிக்கும் இடம் அது. வீட்டில் கணிப்பொறி இல்லாதவர் பலர். வாங்கக் கிடைத்த எந்திரங்களோ சில. ஆகவே ஒவ்வோர் எந்திரத்திலும் பல மெய்நிகர் எந்திரங்களை அமைத்து, சிலவற்றில் லினக்ஸையும் சிலவற்றில் விண்டோஸையும் வைப்பது என்று முடிவாயிற்று. நான் ஒரு லினக்ஸ் எந்திரத்துக்கான அமைவுக் கோப்பைக் கையாலேயே எழுதினேன். பிறகு அதையே படியெடுத்து, பெயரையும் வட்டையும் மட்டும் மாற்றி, எல்லாவற்றுக்கும் வைத்தேன். இரண்டே நாளில் வேலை முடிந்தது. எனக்குச் சிறிது பெருமையாகவும் இருந்தது.

ஆய்வுக்கூடம் வெளி வலையோடு இணைக்கப்படவில்லை. மாணவர்கள் பயிற்சியை முடித்ததும் ஒரு சிறு நிரலை இயக்கி ஒப்படைக்க வேண்டும். அந்நிரல், தான் இயங்கும் எந்திரத்தின் கடிகாரத்தைப் பார்த்து விடைத்தாளில் நேரத்தைப் பொறிக்கும். உள்மதிப்பெண்ணுக்குரிய ஒரு பயிற்சிக்குப் பகல் 12 மணி எல்லையாக விதிக்கப்பட்டது. எண்ணூரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி 12 மணி 10 நிமிடத்துக்கு ஒப்படைத்தாள். அன்று லாரி நெரிசலில் பேருந்து நகரவில்லையாம். காலம் கடந்தது என்று அவளுக்கு மதிப்பெண் மறுக்கப்பட்டது. விதி எல்லோருக்கும் ஒன்றுதானே என்று நானும் பேசாமல் இருந்தேன்.

மறுவாரம் பலகையில் பட்டியல் ஒட்டினார்கள். அவள் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். "ஐயா, எனக்குப் பிறகு மூன்று மணிக்கு உட்கார்ந்து ஒப்படைத்தவர்களுக்குக் காலை ஒன்பதரை மணி என்று போட்டிருக்கிறதே, அது எப்படி?" என்று கேட்டாள். குற்றம் சாட்டும் குரலில் அவள் கேட்கவில்லை. உண்மையிலேயே விளங்காமல் கேட்டாள். மூன்றுக்கும் ஒன்பதரைக்கும் இடையே ஐந்தரை மணி. அந்த எண்ணைக் கேட்டவுடனே எனக்குச் சுருக்கென்று உறைத்தது.

காரணம் இதுதான். ஒவ்வொரு கணிப்பொறியிலும், மின்சாரம் இல்லாதபோதும் ஓடிக்கொண்டிருக்கும் சிறு கடிகாரம் ஒன்று உண்டு. லினக்ஸ், அக்கடிகாரம் உலகப் பொது நேரத்தைக் காட்டுவதாகக் கொண்டு, அதனோடு ஐந்தரை மணியைக் கூட்டி இந்திய நேரத்தைச் சொல்லும். விண்டோஸோ, அக்கடிகாரம் உள்ளூர் நேரத்தையே காட்டுவதாகக் கொள்ளும். இரண்டும் தத்தம் அளவில் சரியே. மெய்நிகர் எந்திரத்துக்கு இந்தக் கடிகாரத்தை நிர்வாக மென்பொருள்தான் தர வேண்டும். நான் எழுதிய கோப்பில் கடிகாரத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ஒன்றும் சொல்லாவிட்டால் லிப்வெர்ட் உலகப் பொது நேரத்தையே கொடுக்கும். லினக்ஸ் எந்திரங்களுக்கு அது பொருந்திற்று. விண்டோஸ் எந்திரங்களோ அதனையே உள்ளூர் நேரமென்று நம்பி, ஐந்தரை மணி பின்தங்கி நின்றன. வெளி வலையோடு தொடர்பு இருந்திருந்தால் அவை தம் நேரத்தைத் திருத்திக்கொண்டிருக்கக்கூடும். இங்கு அதற்கும் வழியில்லை.

லினக்ஸ் எந்திரத்தின் முன் அமர்ந்த மாணவிக்கு உண்மையான நேரம். விண்டோஸ் எந்திரத்தின் முன் அமர்ந்தவர்களுக்கு ஐந்தரை மணிச் சலுகை. மாணவர் எவரும் ஏமாற்றவில்லை. மென்பொருளும் பழுதுபடவில்லை. எந்த நாற்காலியில் உட்கார்ந்தோம் என்பதே மதிப்பெண்ணை முடிவு செய்துவிட்டது. நான் எழுதாமல் விட்ட ஒரு வரிக்கு, எண்ணூரிலிருந்து வந்த ஒரு பெண் விலை கொடுத்தாள்.

பலரும் சேர்ந்து செய்யும் வேலையில் கடிகாரங்கள் வேறுபட்டால் என்ன ஆகும் என்பது, கணிப்பொறி பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே இருப்புப்பாதை எழுப்பிய கேள்வி. தென்னிந்தியாவின் முதல் புகைவண்டிப் பாதை 1856-ஆம் ஆண்டு சூலை முதல் நாள் நம் இராயபுரத்திலிருந்துதான் தொடங்கிற்று. வாலாஜா ரோடு வரை சென்றது. சூரியனைக் கொண்டு கணக்கிட்டால் இவ்விரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறக்குறைய நான்கு நிமிட வேறுபாடு உண்டு. மாட்டுவண்டிக்கு நான்கு நிமிடம் ஒரு பொருட்டன்று. ஒரே தண்டவாளத்தில் எதிரெதிரே வரும் வண்டிகளுக்கு அது உயிர்ப் பிரச்சினை. பாதைகள் நீண்டு பம்பாயும் கல்கத்தாவும் இணைந்தபோது சிக்கல் இன்னும் பெரிதாயிற்று. ஆகவே 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்திய இருப்புப்பாதைகள் சென்னை நேரத்தைப் பொதுவாகக் கைக்கொண்டன. நுங்கம்பாக்கத்தில் 1792-இல் அமைந்த வானாய்வுக்கூடம் அந்நேரத்தைக் கணித்துத் தந்தது. சென்னையின் நெடுங்கோடு பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் இடைப்பட்டதாகவும் இருந்தது. கிரீனிச் நேரத்துக்கு 5 மணி 21 நிமிடம் 14 விநாடி முற்பட்டது சென்னை நேரம். பின்னர் 1906-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள், ஐந்தரை மணி முற்பட்ட இந்திய நிலை நேரம் நடைமுறைக்கு வந்தது. சென்னைக் கடிகாரங்களுக்கு மாற்றம் ஒன்பது நிமிடத்துக்கும் குறைவு. பம்பாயிலோ தனி நேரம் 1955 வரை வழக்கில் நீடித்தது.

இவ்வரலாற்றில் நமக்கு இரண்டு பாடங்கள் உள்ளன. நேரத்தைக் கணிக்கும் பொறுப்பை ஒவ்வொரு நிலைய அதிகாரியிடமும் விடாமல், அறிந்தவர் ஓரிடத்தில் கணித்துத் தர, மற்றவர் யாவரும் அதனைப் பின்பற்றினர். அதனை மாற்ற நேர்ந்தபோது, ஒரு நாளைக் குறித்து, எல்லோரும் அறிய மாற்றினர். மெய்நிகர் எந்திரங்களுக்குப் பொது முன்னிருப்புகளை வகுப்போரும் இவ்விரண்டையுமே செய்ய வேண்டியிருக்கிறது.

முதற்பாடத்தை எடுத்துக்கொள்வோம். ஓர் இயங்குதளத்துக்குக் குறைந்தது எவ்வளவு நினைவகம் வேண்டும், எவ்வளவு வட்டிடம் வேண்டும், எந்தெந்த உறுப்புகளை அது அறியும் என்பன போன்ற செய்திகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. ஒவ்வொரு மென்பொருளும் இவற்றைத் தனித்தனியே திரட்டி வைத்தால், ஒன்றில் திருத்திய பிழை மற்றொன்றில் திருத்தப்படாமல் கிடக்கும். இதற்காகவே லிப்ஓஎஸ்இன்ஃபோ என்ற பொதுத் தொகுப்பு ஏற்பட்டது. வெர்ட் மேனேஜரும், நோம் பாக்ஸஸ் என்ற மற்றொரு மென்பொருளும் அதே தொகுப்பைப் பார்த்தே முன்னிருப்புகளை முடிவு செய்கின்றன. அதன் தரவுகள் நிரலிலிருந்து பிரித்துத் தனியாக வைக்கப்பட்டுள்ளன. ஆகவே புதிய இயங்குதளம் ஒன்று வெளிவந்தால் தரவை மட்டும் புதுப்பித்தால் போதும். மென்பொருளைத் திரும்ப எழுத வேண்டியதில்லை.

ஆனால் ஒரு விடை எல்லோருக்கும் பொருந்தாது என்பதை என் கடிகாரமே காட்டிவிட்டது. அப்படியானால் நூறு கேள்வி கேட்பதா? வேண்டியதில்லை. பல விடைகளைத் தீர்மானிக்கும் ஒரே கேள்வியைத் தேர்ந்து கேட்டால் போதும். "எந்த இயங்குதளத்தை நிறுவப் போகிறாய்?" என்பதே அக்கேள்வி. வெர்ட் மேனேஜர் இதனைத் தெரிந்துகொண்டே வேலையைத் தொடங்குகிறது. விண்டோஸ் என்றால் கடிகாரத்தை உள்ளூர் நேரத்துக்கு வைக்கிறது; வட்டையும் விண்டோஸ் தானாக அறியக்கூடிய வகையில் அமைக்கிறது. லினக்ஸ் என்றால் விர்ட்ஐஓ என்னும் வேகமான வகையைத் தருகிறது. இவ்வகையை விண்டோஸுக்குத் தனி இயக்கி இன்றிக் கொடுத்துவிட்டால், நிறுவும்போது வட்டே இல்லை என்று அது சொல்லிவிடும். வேகமானது என்பதற்காக அதை எல்லோருக்கும் முன்னிருப்பாக்கினால், அறியாதவன் முதற்படியிலேயே தடுக்கி விழுவான். கையால் கோப்பு எழுதிய நான், அந்த ஒரு கேள்வியையும் எனக்கு நானே கேட்டுக்கொள்ளவில்லை.

விடையே கிடைக்காத இடத்தில் என்ன செய்வது? எந்தப் பக்கம் தவறினால் கேடு குறைவோ அந்தப் பக்கம் சாய வேண்டும். லிப்வெர்ட் அமைக்கும் வலைப்பின்னல் ஒன்றுக்குப் பெயரே 'டிஃபால்ட்' என்பது. வழக்கமாக 192.168.122 என்று தொடங்கும் முகவரிகளை அது தன் எந்திரங்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும். அதிலுள்ள எந்திரம் வெளியே போய்ச் செய்தி பெறலாம். வெளியே உள்ளவர் தாமாக உள்ளே நுழைய முடியாது. திறந்த வாயில் வேண்டுவோர் கேட்டுப் பெறட்டும், கேளாதவர் கதவு சாத்தியே இருக்கட்டும் என்பது இதன் கருத்து. சர்க்கரையைத் தனிக் கிண்ணத்தில் வைப்பது போன்றது இது; வேண்டுவோர் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், போட்டதை எடுக்கத்தான் முடியாது.

பொதுவாக்கக் கூடாத பொருள்களும் உள. கியூஎமுவை நேரடியாக இயக்கி, வலையட்டைக்கு முகவரி எதுவும் சொல்லாவிட்டால், முதல் அட்டைக்கு 52:54:00:12:34:56 என்ற முகவரியையே அது கொடுக்கும். ஓர் எந்திரம் மட்டும் இருந்தால் இதனால் தொல்லையில்லை. ஒரே வலையில் நாற்பது மாணவர் நாற்பது எந்திரங்களை அப்படி இயக்கினால், நாற்பது வீட்டுக்கும் ஒரே கதவு எண்ணை எழுதி மாட்டியது போலாகும். தபால்காரர் என்ன செய்வார்? லிப்வெர்ட் இவ்விடத்தில் ஒவ்வோர் எந்திரத்துக்கும் வெவ்வேறு முகவரியைத் தானே உண்டாக்கிக் கொடுக்கிறது. எண்ணைப் பொதுவாக்காமல், எண்ணிடும் முறையை மட்டும் பொதுவாக்கியிருக்கிறார்கள்.

இனி இரண்டாம் பாடம். முன்னிருப்பை மாற்ற வேண்டிய காலம் வந்தே தீரும்; மாற்றினால் புதிய எந்திரங்களுக்கு நன்மை. ஆனால் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்தின் உறுப்புகள் ஓரிரவில் மாறிவிட்டால், அதனுள்ளிருக்கும் இயங்குதளம் திகைத்துப்போகும். ஆகவே கியூஎமு தன் எந்திர மாதிரிகளுக்குப் பதிப்பு எண் இட்டு வைக்கிறது. ஓர் எந்திரம் பிறக்கும்போது எந்தப் பதிப்பு என்பதை லிப்வெர்ட் அதன் கோப்பிலேயே குறித்துவிடும். பின்னாளில் முன்னிருப்பு மாறினாலும், பழைய எந்திரம் தான் பிறந்த மாதிரியிலேயே நிற்கும்.

குறித்து வைப்பதன் அருமையை மாதவரத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே ஆவின் பால் பண்ணை இருக்கிறது. பல ஊர்ப் பசுக்களின் பால் பலவிதமாக இருக்கும். அதனை ஓர் அளவுக்குக் கொண்டுவந்த பின்னரே உறைகளில் அடைக்கிறார்கள். சமன்படுத்தப்பட்ட பாலுக்கு உரிய அளவு 3 விழுக்காடு கொழுப்பும், 8.5 விழுக்காடு கொழுப்பல்லாத திடப்பொருளும் ஆகும். நம்மில் பெரும்பாலோர் அதை முடிவு செய்யும் பேச்சில் கலந்துகொண்டதில்லை. ஆயினும் உறையைத் திருப்பினால் என்ன அளவு என்று படித்தறியலாம். வேண்டாவிட்டால் வேறு வகையை வாங்கலாம். பிறர் நமக்காக எடுத்த முடிவு நமக்குத் தெரியும்படியும், மாற்றிக்கொள்ளும்படியும் இருந்தால் அதில் குறையில்லை.

என் ஆய்வுக்கூடத்தில் நடந்ததையும் சொல்லி முடிக்கிறேன். பிழை என்னுடையது என்று ஆசிரியரிடம் ஒப்புக்கொண்டேன். அவர் அந்தப் பயிற்சியின் மதிப்பெண்ணை எல்லோருக்கும் நீக்கிவிட்டு, வேறொரு நாள் புதிய பயிற்சி வைத்தார். அன்று அந்த மாணவி ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து காத்திருந்தாள். கடிகாரத்தை நான் சரிசெய்துவிட்டேன். எண்ணூர்ச் சாலையின் நெரிசலைச் சரிசெய்ய எந்த அமைவுக் கோப்பாலும் இயலவில்லை.

பிறகு, எங்கள் எந்திரங்களுக்கான பொது முன்னிருப்புகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். இயங்குதளத்துக்கு ஏற்ற கடிகாரம், வட்டின் வகை, நினைவகத்தின் அளவு, வலையின் பெயர், எந்திர மாதிரியின் பதிப்பு எல்லாம் அதில் இருந்தன. அந்த மாணவி அதைப் படித்துவிட்டு, "ஐயா, ஏன் இப்படி வைத்திருக்கிறோம் என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே எழுதிவிட்டால், எங்களுக்குப் பின்னால் வருபவர்கள் எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்று தெரிந்துகொள்வார்களே" என்றாள். நான் எண்ணாத ஒன்று அது. தாளில் இன்னொரு பத்தி வரைந்து, காரணங்களை எழுதினோம். கடிகாரத்துக்கு எதிரே என்ன எழுதுவது என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, அவளே பேனாவை வாங்கி, '12 மணி 10 நிமிடம்' என்று எழுதினாள். அந்தத் தாள் நெடுநாள் அச்சுவரில் இருந்தது.